விற்கவோ, கொடுக்கவோ, கலக்கவோ

உணவுப் பாதுகாப்புத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தேனியில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவன் ஒருவனும் பேசினால் நன்றாயிருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொருகுகிற நேரத்தை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் விழித்திருந்தார். நான் பேசி முடித்ததும் எழுந்து, "கடைய மூடச் சொல்லி இப்ப நாங்களே ஆர்டர் அனுப்பிடுறோம். நீங்க ஏன் சார் தொட்டதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போயிருக்கீக?" என்று கேட்டார். ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். எனக்குச் சரியான பதில் எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் வரும்.

பதில் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்கு முன்னால் வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள், அதனால் நாங்களும் போகவேண்டி வந்தது. அங்கே போய் எப்படிக் கேட்பது, என்ன கேட்பது என்பதை ஒரு டாக்டரம்மாவிடம் கற்றுக்கொண்டோம். அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது நான் சுகாதார ஆய்வாளர். கிணற்றில் குளோரின் போடுவது, கொசுப்புழு பார்ப்பது, காலராவுக்கு ஊசி போட ஆள் பிடிப்பது, இவற்றுக்கு நடுவே கடைகளில் உணவு மாதிரி எடுப்பது. பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் பாட்டிலுக்கு அரக்கு எப்படி வைப்பது, நூலை எப்படிக் குறுக்கே சுற்றுவது என்பதுதான். அரக்கு வைத்ததில் என் விரல்கள் வெந்ததுதான் மிச்சம். பிறகு சட்டம் மாறியது, துறை பிரிந்தது, நான் உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆனேன். பதவியின் பெயர் நீண்டதே தவிர, கடைக்காரர்கள் எங்களைக் கண்டதும் பார்க்கிற பார்வை மாறவில்லை.

கோர்ட்டு எங்களைக் கட்டிப்போடும் என்பது எனக்குத் தெரிந்தது கூடலூரில்தான். குமுளி மலை ஏறுவதற்கு முன்னால் இருக்கிற கடைசி ஊர் அது. விடியும் முன்பே ஜீப்புகள் ஏலத் தோட்டத்து வேலையாட்களை அடைத்துக்கொண்டு மேலே போகும். ஜீப் கிளம்பும் இடத்தில் டீக்கடைகள். அந்தக் கடைகளில் டீ கறுப்பாக இறங்கும், செக்கச் சிவக்கவும் இறங்கும், ஆனால் வாசம் இருக்காது. தேடிக்கொண்டு போனால் ஒரு குடோன் நிறைய சாயம் ஏற்றிய தேயிலைத் தூள். ஏற்கனவே கொதிக்கவிட்ட சக்கையைக் காயவைத்துச் சாயம் போட்டு வைத்திருந்தார்கள். மாதிரி எடுத்தோம், குடோனுக்கு சீல் வைக்க ஏற்பாடு செய்தோம். அடுத்த முறை போனபோது குடோன்காரர் சிரித்த முகமாக நாற்காலி போட்டார். கையில் ஒரு கோர்ட்டுத் தாள் இருந்தது.

சட்டத் தமிழில் அதற்கு உறுத்துக்கட்டளை என்று பெயர். இன்னார் இன்ன காரியத்தைச் செய்யக் கூடாது என்று நீதிமன்றம் கட்டுவது. எங்கள் பக்கம் அந்தப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். வரப்புத் தகராறோ, வாடகைத் தகராறோ, கோயில் தகராறோ, கோர்ட்டிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அது 'ஸ்டே'தான். எனக்கு உறுத்துக்கட்டளை என்கிற சொல் பிடிக்கும். செருப்புக்குள் கிடக்கிற கல் மாதிரி நடக்க நடக்க உறுத்தவேண்டும், அப்போதுதான் அது கட்டளை. கூடலூரில் அந்தக் கல் என் செருப்புக்குள் கிடந்தது. வழக்கு முடியும்வரை நாங்கள் குடோனுக்குள் நுழையக் கூடாது என்று தாளில் எழுதியிருந்தது. நாங்கள் வாசலுக்கு வெளியே நிற்க, தூள் மூட்டைகள் ஜீப்பில் ஏறி மலைக்குப் போயின. அப்போதிருந்த மேலதிகாரி, கோர்ட்டு சொன்ன பிறகு நமக்கென்ன, சும்மா இரு என்றார். சும்மா இருந்தேன். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? முந்திப் போனவர் இலையில்தான் எல்லாம் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்தான் டாக்டரம்மா. மாவட்டத்துக்கு நியமன அலுவலர், எங்கள் எல்லோருக்கும் மேலதிகாரி. அல்லிநகரத்துக்காரர், மதுரையில் படித்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசையில் எப்போதும் ஒரு பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் இருக்கும், எதிரே யார் உட்கார்ந்தாலும் அவருக்கும் ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுப்பார். தப்புச் செய்த கடைக்காரருக்கும் அதே சுடுதண்ணீர்தான். டீ வரும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

அறிக்கை எழுதிக்கொண்டு போனால் உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, வாய்விட்டுப் படிப்பார். முதலில் பெயரடைகளை வெட்டுவார். 'மிகவும் அருவருக்கத்தக்க நிலையில்' என்று நான் எழுதியிருந்தால், பச்சை மையால் ஒரு கோடு. எலிப்புழுக்கை கிடந்ததென்றால் எலிப்புழுக்கை கிடந்தது என்று எழுதவேண்டும், அருவருப்பை ஜட்ஜ் ஐயா தானாகப் பட்டுக்கொள்வார் என்பார். பிறகு வினைச்சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, "சரி, இதச் சொல்லிட்டோம். அப்புறம் அவுக என்ன செய்வாக?" என்று கேட்பார். சமைக்கக் கூடாது என்று எழுதினால், வேறு இடத்தில் சமைத்துக்கொண்டு வந்து வைப்பார்கள். வைக்கக் கூடாது என்றால் தம்பி பெயரில் வைப்பார்கள். அவர் கேட்கக் கேட்க எனக்குப் புதுப்புது வினைச்சொல் கிடைக்கும். தமிழ் வாத்தியாரிடம் படித்தபோதுகூட இத்தனை கிடைத்ததில்லை.

இன்னொன்றும் செய்தார். எந்தப் பெரிய கடையிலாவது கை வைப்பதற்கு முந்திய நாளே அரசு வழக்கறிஞரைப் பார்த்து, கோர்ட்டில் கேவியட் போட்டுவிடுவார். எங்களைக் கேட்காமல் எங்களுக்கு எதிராக உத்தரவு போடவேண்டாம் என்று முன்கூட்டியே கொடுத்துவைக்கிற மனு அது. அதன் பிறகு வியாபாரி ஸ்டே கேட்டுப் போனால் எங்களையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட இடத்தில் நாங்களும் பதிலுக்கு ஒரு உறுத்துக்கட்டளை கேட்போம். எங்களைக் கட்டுவதானால் அவரையும் கட்டுங்கள் என்பதுதான் டாக்டரம்மாவின் வாதம். இப்படிச் சில வருடம் போனதில், கோர்ட்டு வராந்தாவில் எனக்கென்று ஒரு தூண்கூட ஆகிவிட்டது.

இனி கடமலைக்குண்டு வழக்கு.

ஆண்டிபட்டியிலிருந்து வருசநாட்டுப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது அந்த ஊர். சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் சந்தை அங்கேதான். அங்கே செல்லப்பாண்டி என்பவர் விதைக்கடை வைத்திருந்தார். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் உண்டு. கடைக்குப் பின்னாலேயே மாவு மில்லும் வைத்திருந்தார். ஊர்க்காரர்களுக்குக் கடன் சொன்னால் முகம் சுளிக்காத மனிதர் என்று பெயர். அவர் மில்லில் அரைத்து வாங்கிய கம்பு மாவு ரோஸ் நிறமாக இருக்கிறது, கூழ் காய்ச்சினால் ஓரத்தில் ரோஸ் நுரை கட்டுகிறது என்று ஒரு புகார் வந்தது. கம்பு மாவு சாம்பலும் பச்சையும் கலந்த நிறமாக இருக்கும். ரோஸாக இருக்க அது என்ன பஞ்சுமிட்டாயா?

போய்ப் பார்த்தால் விதைக் கம்பு. பூசணம் பிடிக்காமலிருக்க விதையில் மருந்து தடவி, யாரும் தின்றுவிடக் கூடாது என்பதற்காக ரோஸ் சாயமும் ஏற்றி மூட்டை கட்டியிருப்பார்கள். மழை தப்பிப்போனதில் விதைப்பு நின்று, மூட்டைகள் அப்படியே தேங்கிவிட்டன. நாள் கடந்தால் முளைப்பு குறையும். செல்லப்பாண்டி அதை அலசிக் காயவைத்து, கொஞ்சத்தை மாவாக அரைத்திருந்தார். மில்லுக்குப் பின்னால் அலசிய தண்ணீர் ஓடிய வாய்க்கால் ரோஸாகக் காய்ந்து கிடந்தது. டாக்டரம்மா வெள்ளைத் துணியை நனைத்து அலசிய கம்பைக் கசக்கினார். துணியில் நிறம் ஏறியது. துணியைச் செல்லப்பாண்டியிடம் காட்டினார். அவர், ஏழு தண்ணி விட்டு அலசியிருக்கிறேன், எங்கள் வீட்டிலும் இந்த மாவில்தான் களி கிண்டுகிறோம் என்றார். பொய் சொல்லவில்லை. அடுக்களையில் பார்த்தேன், அதே மாவுதான் இருந்தது.

அதுதான் அந்த மனிதரைப் பற்றி எனக்கு வந்த முதல் சங்கடம். தெரிந்தே விஷம் விற்கிறவர் என்றால் மனசு லேசாக இருக்கும். இவர் அலசுகிற தண்ணீரோடு மருந்தும் போய்விடும் என்று நம்புகிறவர். சேலையில் பட்ட கறையும் விதையில் ஏறிய மருந்தும் அவருக்கு ஒன்றுதான்.

மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பினோம். முடிவு வருவதற்குள் அவர் கோர்ட்டுக்குப் போனார். அவருடைய வக்கீல் கெட்டிக்காரர். மூட்டையில் இருப்பது விதை, விதை உணவல்ல, உணவல்லாத ஒன்றில் உணவுத் துறைக்கு என்ன வேலை என்று கேட்டார். கேவியட் இருந்ததால் நாங்களும் நின்றோம். அலசி அரைத்த பிறகு அதற்குப் பெயர் மாவு என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார். நீதிபதி இரண்டு பக்கத்தையும் கட்டினார். விதையா உணவா என்பது முடிவாகும் வரை நாங்கள் மூட்டைகளை எடுத்துப்போகவோ குடோனுக்கு சீல் வைக்கவோ கூடாது. அதே குடோனில் விவசாயிகளுக்கான உர மூட்டையும் இருந்ததால் சீல் வைக்கச் சொல்லிக் கேட்பதும் கஷ்டம்தான். செல்லப்பாண்டி அந்தக் கம்பையோ அதன் மாவையோ விற்கக் கூடாது.

எங்கள் மனுவில் டாக்டரம்மா ஒரு வரிசையே எழுதியிருந்தார்: விற்கவோ, கொடுக்கவோ, கலக்கவோ, இடம் மாற்றவோ கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ஒரு வியாபாரிக்கு விற்காதே என்பதற்கு மேல் என்ன வேண்டும், விட்டால் மூச்சுவிடவும் கூடாது என்பார்கள் போலிருக்கிறது என்றார். கோர்ட்டே சிரித்தது. உத்தரவில் ஒரு வினைச்சொல் மட்டும் மிஞ்சியது. வெளியே வந்ததும் டாக்டரம்மா, போதாது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். விற்காமல் அந்தக் கம்பை வைத்து ஒருவர் வேறு என்ன செய்துவிட முடியும் என்று நான் நினைத்தேன்.

கோடை விடுமுறைக்குக் கோர்ட்டை மூடினார்கள். மூட்டைகள் அப்படியே இருக்கின்றனவா என்று அவ்வப்போது செல்லப்பாண்டிக்குப் போன் போட்டுக் கேட்பேன். அவரும் மரியாதையாகச் சொல்வார். ஒரு நாள் கேட்டபோது, மூட்டை குறைந்திருக்கிறது என்றார். விற்றுவிட்டீர்களா என்றேன்.

"கோர்ட்டு விக்கக் கூடாதுன்னு சொன்ன பெறகு விப்பனா சார்? ஒரு மணி விக்கல. ஆத்தாளுக்குக் குடுத்துட்டேன்" என்றார்.

விவரம் கேட்டேன். மகளுக்குச் சுகப்பிரசவமானால் ஊர்க் காளியம்மனுக்கு அண்டா நிறையக் கூழ் ஊற்றுவதாக நேர்ந்திருக்கிறார். பேரன் பிறந்துவிட்டான், வெள்ளாமை பொய்த்துவிட்டது. இருக்கிற கம்பு இதுதான். விற்காமல் கொடுப்பதற்குத் தடையில்லை என்று உத்தரவை அவரே எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, கம்பை மாவாக அரைத்துக் கோயிலில் ஒப்படைத்திருக்கிறார். அவர் குரலில் கள்ளத்தனமே இல்லை. கோர்ட்டுச் சொல்லைக் காப்பாற்றிய பெருமைதான் இருந்தது. கூழ் ஊற்றுவது மறுநாள்.

டாக்டரம்மாவிடம் ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். நேரே போய்த் தடுத்துவிடலாமே என்றேன். எதை வைத்துத் தடுப்பீர்கள், நாம் அந்தச் சரக்கைத் தொடக் கூடாது என்று நம்மைக் கட்டிய உத்தரவு உயிரோடு இருக்கிறது, அதை மீறிக் கோயிலுக்குள் போனால் நாளைக்கு நம் பேச்சை எந்தக் கோர்ட்டு கேட்கும் என்றார். அப்படிச் சொன்னவர் சும்மாவும் இருக்கவில்லை. கடமலைக்குண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் போட்டு ஆளும் மருந்தும் தயாராக இருக்கச் சொன்னார். பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போன் போட்டார். முடிவு அன்று சாயங்காலமே வந்தது: உண்ணத் தகுதியற்றது. செல்லப்பாண்டிக்குப் போன் போட்டேன், திருவிழா வேலையில் அவர் எடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி, பழைய உத்தரவை மாற்றக் கேட்டு, அதே வினைச்சொல் வரிசையோடு புது மனுவை அவரே கையால் எழுதினார்.

காலையில் தேனியில் விடுமுறைக்கால நீதிபதி முன்னால் நின்றோம். வக்கீலுக்குக் காத்திராமல் டாக்டரம்மாவே பேசினார். நீதிபதி மனுவை மெதுவாகப் படித்தார். ஒரு சொல்லில் அவர் விரல் நின்றது. 'படைக்கவோ' என்று எழுதியிருந்தது. தெய்வத்துக்குப் படைப்பதைத் தடுக்க எனக்கு ஏது அதிகாரம் என்று கேட்டார்.

"ஆத்தாளுக்குப் படைக்கட்டும் ஐயா. அவளுக்கு ஒண்ணும் ஆகாது. மனுசங்க குடிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா.

நீதிபதி சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'மனிதர் உண்ணும்படி எவ்வகையிலும் வழங்கவோ' என்று எழுதினார். மற்ற வினைச்சொற்களை அப்படியே விட்டார். செல்லப்பாண்டியின் சரக்கை நாங்கள் எடுக்கலாம் என்று எங்களைக் கட்டியிருந்ததையும் தளர்த்தினார். தட்டச்சு ஆகி, முத்திரை விழுந்து, தாள் கைக்கு வரும்வரை நான் வராந்தாவில் நடந்த நடையில் போடிக்கே போயிருக்கலாம்.

கடமலைக்குண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கோயில் முன்னால் பந்தல், ரேடியோ செட், சுற்றிலும் சொம்பும் தூக்குவாளியுமாகச் சனம். கூழ் காய்ச்சி இறக்கி அண்டாக்களில் ஆறிக்கொண்டிருந்தது. பூசாரி உள்ளே சாமிக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தார். அவர் வெளியே வந்ததும் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

அங்கே போய்த்தான் எங்கள் உத்தரவின் ஓட்டை தெரிந்தது. அந்த ஊரில் கூழ் யாருடைய கூழும் இல்லை. வீட்டுக்கு ஒரு படி மாவு, எல்லா வீட்டு மாவையும் ஒன்றாகக் கொட்டிக் கரைப்பார்கள். ஒரு வீட்டு மாவுகூட விடுபடக் கூடாது. விடுபட்டால் அந்த வீட்டை ஊர் தள்ளிவைத்துவிட்டது என்று அர்த்தம். செல்லப்பாண்டியின் மூட்டைகளும் மற்ற வீடுகளின் படிகளும் முந்தின நாளே கலந்து, கரைந்து, புளித்து, வெந்து, எல்லா அண்டாவிலும் போய்விட்டன. எங்கள் தாளில் எதிர்மனுதாரர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஊர் அந்த வழக்கில் இல்லை. உத்தரவு செல்லப்பாண்டியைக் கட்டும், ஊர்க்கூழைக் கட்டாது.

நான் மைக்கை வாங்கிச் சொல்லிவிடுகிறேன் என்றேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். காக்கி இல்லாத இரண்டு ஆபீசர்கள் வந்து ஆத்தா கூழில் விஷம் என்று சொன்னால், பாதிப் பேர் நம்ப மாட்டார்கள், மீதிப் பேர் செல்லப்பாண்டியை அடிக்கப் போவார்கள். நம்பாதவர்கள் குடிப்பார்கள். அவர் சொன்னது சரி.

செல்லப்பாண்டி பட்டு வேட்டி கட்டி, மகளும் பேரனும் பக்கத்திலிருக்க, அண்டாவுக்கு அருகில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கும்பிட்டு, வாங்க, கூழ் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். டாக்டரம்மா அவரைப் பந்தலுக்கு வெளியே அழைத்து, பகுப்பாய்வு முடிவைச் சொல்லி, உத்தரவைக் கையில் கொடுத்தார். அவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். விற்கவோ. கொடுக்கவோ. கலக்கவோ. இடம் மாற்றவோ.

"இதுல உள்ளதெல்லாம் செஞ்சு முடிச்சாச்சே டாக்டரம்மா. குடுத்தும் ஆச்சு, கலந்தும் ஆச்சு" என்றார்.

"குடிக்கல இன்னும்" என்றார் டாக்டரம்மா. "இந்தத் தாளு ஒங்க ஒருத்தரத்தான் கட்டும். அங்கன நிக்கிற சனத்த என்னால நிறுத்த முடியாது. ஒங்களால முடியும்."

ஏழு தண்ணி என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை, மகள் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தார். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, அந்தப் பெண் முதல் ஆளாகக் கூழ் குடிப்பதற்காகச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். செல்லப்பாண்டியும் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்போது நடந்ததை எந்த அறிக்கையிலும் எழுதமுடியாது. உத்தரவை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நேரே ரேடியோ செட்டுக்காரரிடம் போனார்.

பாட்டு நின்றது. அவருக்கு மைக்கில் பேசிப் பழக்கமில்லை, வாயை ஒட்டி வைத்துக்கொண்டதில் முதலில் இரைச்சல்தான் கேட்டது. "நான் குடுத்த மாவு மருந்து போட்ட விதைக் கம்பு. அலசித்தான் குடுத்தேன். மருந்து போகலையாம். யாரும் குடிக்காதீக" என்றார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏலே என்று ஒரு பெரியவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். செல்லப்பாண்டி ஒதுங்கவில்லை. அந்தப் பெரியவருக்கே ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் போயிற்று.

நடைமுறை நடைமுறைதான். அந்தக் களேபரத்திலும் ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் மாதிரி எடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, சீல் வைத்தேன். ஊராட்சி ஆட்கள் கோயிலுக்கு வெகுதூரம் தள்ளிப் பொட்டலில் குழி வெட்டினார்கள், கோழியும் நாயும் கிட்டே வராமல் விரட்ட இரண்டு பேரை நிறுத்தினோம். அண்டாவைச் சாய்க்கிற வேலையைச் செல்லப்பாண்டி வேறு யாருக்கும் விடவில்லை. மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடிக்க, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாய்த்தார். கடைசி அண்டா காலியானதும் கோயிலிருந்த பக்கம் திரும்பி நின்றார்.

"ஊத்துறேன்னு நேந்தேன் ஆத்தா. ஊத்திட்டேன்" என்றார்.

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். கோபமாகச் சொன்னாரா, அழுது சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஊர் கூடிப் பேசியது. கூழ் இல்லாமல் திருவிழாவை முடிக்கக் கூடாது, சாயங்காலம் ஊற்றலாம் என்று முடிவாயிற்று. அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். டாக்டரம்மா ஒரு வெள்ளைத் துணியோடு உட்கார்ந்து ஒவ்வொரு அண்டாவையும் துடைத்துப் பார்த்தார். வீடு வீடாக மறுபடி மாவு வந்தது. கம்பு இல்லாத வீட்டிலிருந்து கேப்பை மாவு. ஒவ்வொரு பெண்ணும் படியைக் கொட்டிவிட்டுப் போக, செல்லப்பாண்டியின் மனைவி மட்டும் சுவரோரம் வெறும் கையோடு நின்றார். அவர்கள் வீட்டில் இருந்ததெல்லாம் அந்த மாவுதான், அதைக் கொடுக்கவோ கலக்கவோ கூடாதென்று உத்தரவு. யாரும் அவரைத் திட்டவில்லை. யாரும் அவரிடம் பேசவும் இல்லை. எல்லாப் படியும் விழுந்து முடிந்து, அடுப்புப் பற்றவைக்க ஆள் குனிந்துவிட்டார்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வீட்டுக்குப் போய் இன்னொரு படி கேப்பை மாவு எடுத்துக்கொண்டு வந்தார். செல்லப்பாண்டி மனைவியிடம் நேரே கொடுக்கவில்லை, என் எதிரே வந்து நின்றார்.

"சார், இது எங்க வீட்டு மாவு. இத அவுக கையால போட்டா, அதுக்கும் கோர்ட்டுல தடை இருக்கா?" என்றார்.

மேலதிகாரி பக்கத்திலிருக்கும்போது நான் பதில் சொல்வதில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் துணியை மடித்தபடி, ஒங்களத்தான் கேக்குறாக, சொல்லுங்க என்றார்.

"இல்லம்மா" என்றேன்.

செல்லப்பாண்டி மனைவி படியை இரண்டு கையாலும் வாங்கினார். மாவை அண்டாவில் போட்டார். அடுப்புப் பற்றியது. வெயில் தாழ்ந்த பிறகு கூழ் ஊற்றினார்கள். செல்லப்பாண்டியின் மகள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று வாங்கிக் குடித்தாள். அடுத்த சொம்பு எனக்கு வந்தது.